கொல்லைப்புறத்துப் பங்குனி

முருங்கைப்பூவை நீங்கள் பார்த்ததே இல்லை. பந்தயம் கட்டத் தயார். பொரியலில் பார்த்திருப்பீர்கள், சந்தையில் குவித்துவைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள், காலையில் வாசல் தெளிக்கும்போது உதிர்ந்து கிடப்பதை முணுமுணுத்துக்கொண்டே கூட்டித் தள்ளியிருப்பீர்கள். அன்றைக்கு விடிகாலையில் மலர்ந்த ஒற்றைப் பூவை, மூக்கு உரசும் தூரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு இதழ் மட்டும் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். மற்ற நான்கும் பின்பக்கமாக வளைந்து மடிந்திருக்கும். அவற்றுக்கும் பின்னால் புல்லி இதழ்கள் ஐந்து. அவையும் வெள்ளை, அவையும் வளைவு என்பதால் மொத்தம் பத்து இதழ் என்று கண் ஏமாந்துபோகும். நடுவில் மகரந்தத்தாள்கள், நுனியில் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அடடா, என்ன ஒரு ஒயில்! ஆர்க்கிட் தொட்டிக்கு ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்து, அது வாடிவிடுமோ என்று பயந்து பயந்து தண்ணீர் தெளிக்கிறோம். இதுவோ கொல்லையில் சும்மா பூத்துச் சும்மா உதிர்கிறது.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில். தெருவிலிருந்து பார்த்தால் ஒடுங்கலாகத் தெரியும். ரேழி, கூடம், அடுப்படி எல்லாம் கடந்து கிணற்றடிக்கு வந்தால் கொல்லை அகலமாக விரியும். மாமனார் வைத்த ஒட்டு மாமரம், வேலியோரம் வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை. நடுவில் பாத்தி கட்டிக் கத்திரியும் வெண்டையும். கிணற்று மேடையை ஒட்டி ஒரு மல்லிகைப் புதர். ரோஜா கிடையாது, டேலியா கிடையாது, நர்சரியிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கும் அயல்நாட்டுப் பெயர்கள் எதுவும் கிடையாது. பையன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் எனக்கு ஒரு கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து, சட்டிக்குப் போகிற செடிகளின் பூக்கள்தான் என் பூக்கள். இவற்றைத் தூக்கியடிக்கும் பூ ஊட்டி மலர்க் கண்காட்சியிலும் இல்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து பங்குனியில் வாருங்கள். காபி கொடுத்து, காட்டிவிட்டுச் சண்டை போடுகிறேன்.

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மாசியும் பங்குனியும் பின்பனிக் கணக்கு. கொல்லை அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. தை கழிவதற்குள்ளேயே மாமரத்தின் கிளை நுனிகள் திரள ஆரம்பித்து, மாசி நடுவில் மரத்தில் இலையைத் தேட வேண்டியிருக்கும். அந்த வாசனை இருக்கிறதே! இனிப்பு பாதி, லேசான காரம் பாதி. கொல்லைக் கதவைத் திறந்தால் கூடம் வரைக்கும் வரும்.

மாம்பூவைக் கொத்தாகத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ. ஆறாயிரம் வரைகூட இருப்பதுண்டு. ஆண்பூவும் இருபால்பூவும் ஒரே கொத்தில் கலந்து கிடக்கும். நூறு பூவுக்கு ஒரு பழம்கூடத் தேறாது. கால் அங்குல அகலம்கூட இல்லாத அந்த ஒற்றைப் பூவை லென்ஸில் பிடித்தேன் பாருங்கள், அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. வெண்மஞ்சள் இதழ்கள் ஐந்து. ஒவ்வொன்றின் மேலும் தடித்த வரிகள். புதுப் பூவில் அந்த வரி மஞ்சள்; பூ முதிர முதிர அதுவே ரோஜா நிறத்துக்குத் திரும்புகிறது. ஆகவே ஒரே கொத்தில் மஞ்சள் வரிப் பூவும் சிவந்த வரிப் பூவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எது இன்றைய பூ, எது பழைய பூ என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான் உருப்படியானது. அதன் தலை ஊதாச் சிவப்பு. மற்றவை குட்டையாகச் சும்மா நிற்கும். இவ்வளவு வேலைப்பாடும் கால் அங்குலத்துக்குள்!

மாம்பூவுக்கு வருகிற முக்கியமான விருந்தாளி ஈ. முகம் சுளிக்காதீர்கள். பச்சையும் பொன்னுமாக மின்னுகிற ஈயொன்று அந்த ரோஜா வரியின் மேல் உட்கார்ந்து தேன் உறிஞ்சுகிற படம் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் அடுத்த மாம்பழம் சாப்பிடும்போது ஈக்கு ஒரு வணக்கம் வைப்பார்கள். ஒரே தொல்லை தத்துப்பூச்சி. மரத்தடியில் நின்றால் அது கழிக்கிற இனிப்புப் பிசுக்கு கேமரா மேல், மூக்குக்கண்ணாடி மேல், தலைமுடி மேல் என்று எங்கும் ஒட்டும். நான் தலைக்குத் துண்டு, கேமராவுக்குப் பால் கவர் என்று ஒரு சீருடை வைத்திருக்கிறேன்.

பங்குனி பாதியில் மாமரம் ஓய, வேம்பு ஆரம்பிக்கும். பகலில் அமைதியாக இருக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லை முழுக்கத் தேன் மணம். இத்தனை கசப்பான மரத்துக்கு இப்படி ஒரு மணம்! கீழே பழைய வேட்டியை விரித்து, காலையில் உதிர்ந்த பூவை அள்ளி, நிழலில் காயவைத்து, டப்பாவில் போடுவது என் மாமியாரின் இலாகா. நெய்யில் வறுத்தால் ரசம், வெல்லத்தோடு சேர்ந்தால் சித்திரை முதல் நாள் பச்சடி.

“ஏம்மா, அதைப் போட்டோ புடிச்சு என்ன ஆகப்போவுது? வேட்டிய விரிக்கச் சொன்னேனே, விரிச்சியா?”

“இதோ அத்தை, ஒரே ஒரு படம்.”

“ஒன் ஒரே ஒரு படம் எனக்குத் தெரியாதா? வெயில் ஏறிப்போச்சு பாரு.”

அன்று ராத்திரி, எடுத்த படத்தை டிவியில் போட்டுக் காட்டினேன். நடுவில் வெள்ளைக் குழல் ஒன்று. மகரந்தத்தாள்கள் பத்தும் ஒட்டிப் பிறந்து குழலாகிவிட்டவை. அதன் வாயில் பல் பல்லாக வெட்டு, உள்ளே மஞ்சள் மகரந்தப் பைகள், சுற்றிலும் ஐந்து இதழ் விரிந்து கிடக்கிறது. அத்தை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். “இதுவா வேப்பம்பூ? வருஷா வருஷம் வறுத்துக் கொட்டுனேனே, இப்படி ஒரு சோடனை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே!” இப்போது வேட்டி விரிப்பதற்கு முன்னால் அவரே கூப்பிட்டு, “அந்தக் கிளையில நல்லா விரிஞ்சிருக்கு, வந்து எடு” என்கிறார். என் படங்களுக்கு இதைவிடப் பெரிய விருது வேண்டாம்.

படம் எடுக்கிற சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்காதவர்களுக்கும். இந்தப் பூக்களில் பெரும்பாலானவை வெள்ளை. பின்னால் கரும்பச்சை இலை. கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும். பூ சுண்ணாம்பு அடித்ததாக வெளுத்துப்போகும், ஒரு நரம்பு தெரியாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தால் தீர்ந்தது. செல்போனிலும் இது முடியும்: பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் தோன்றும் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் இதழின் மடிப்பு ஒவ்வொன்றும் திரும்பி வரும். அந்தக் கணம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அடுத்தது தெளிவின் ஆழம். உயிர் அளவில், அதாவது பூவின் பிம்பம் சென்சார் மேல் நிஜப் பூவின் அளவிலேயே விழும்படி நெருங்கிவிட்டால், லென்ஸின் துளையை எஃப் 11 வரைக்கும் சுருக்கினாலும் தெளிவாக இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். எஃப் 2.8-இல் வைத்தால் அதில் கால் பங்குதான். மகரந்தப் பை தெளிவு என்றால் இதழ் புகை. இதழ் தெளிவு என்றால் மகரந்தப் பை புகை. எது வேண்டும் என்று பூவின் முன்னால் மண்டியிட்டு முடிவு செய்ய வேண்டும், மூச்சையும் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேறு. அதனால்தான் ஆறிலிருந்து ஏழரைக்குள் என் வேலை முடிந்துவிடும். அப்போது காற்று அசங்காது, வெயில் சாய்வாக இலையிடுக்கில் நுழைந்து இதழைப் பின்னாலிருந்து ஏற்றிக் காட்டும். ஆடுகிற காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துவைப்பேன். நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல் அட்டை. ஸ்டுடியோவுக்கு ஆகும் மொத்தச் செலவு அவ்வளவுதான்.

இனி என் செல்லம். கத்திரிப்பூ. இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. ஊதா இதழ்கள் ஒட்டிப் பிறந்து ஒரு விரிந்த நட்சத்திரம். நடுவில் மகரந்தப் பைகள் மஞ்சள் மஞ்சளாக ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நிற்கின்றன. பூ தலை கவிழ்ந்து தொங்குவதால் பாத்தியில் கோணி விரித்து மல்லாந்து படுத்துத்தான் எடுக்க வேண்டும். (தெருக்காரர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “அக்காவுக்கு மயக்கமா?” என்று கேட்டதுண்டு.) மற்ற பூக்கள் மகரந்தத்தை வெளியே பரப்பி வைத்திருக்கும். கத்திரி அப்படியில்லை. பையின் நுனியில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை. மகரந்தம் உள்ளே பத்திரம். சாதாரணத் தேனீயால் அதை எடுக்க முடியாது. அதற்கென்று ஒருத்தி வருவாள். வயிற்றில் நீல வரி வரியாகப் போட்ட தனித் தேனீ. கூட்டம் சேராது, தனியாகத்தான் வாழும். பூவைக் காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கிற தசையை மட்டும் அதிரவிடும். பறந்து வருகிறபோது ஒரு ஸ்வரம். பூவைப் பிடித்ததும் சட்டென்று மேலே ஏறிக் கீச்சென்று இன்னொரு ஸ்வரம். காதால் தெளிவாகக் கேட்கலாம்! அந்த அதிர்வில் ஓட்டை வழியாக மகரந்தப் பொடி கொட்டி அவள் வயிற்றில் படியும். செல்போனில் ஸ்லோ மோஷனில் பிடித்தால் பொடி பறப்பது வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. எண்ணெய்க் கத்திரிக்காய் குழம்புக்குப் பின்னால் இப்படி ஒரு கச்சேரி நடக்கிறது என்று தெரியாமலே ஊரெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. தக்காளிப் பூவிலும் இதே கதைதான்.

முருங்கைக்கு வருகிறவர் வேறு ஆள். கட்டை விரல் பருமனுக்குக் கருவண்டு. பட்டுப்போன மரத்தில் துளை போட்டுக் குடியிருக்குமே, அது. பெயர் வண்டு, இனத்தால் இதுவும் தேனீதான். வந்து உட்கார்ந்தால் பூங்கொத்தே ஒரு சாண் இறங்கும். ஓட்டைச் சைக்கிள் பம்பு அடிக்கிற சத்தத்தோடு பூவுக்குப் பூ தாவும். தூரத்தில் வெறும் கறுப்பு. வெயில் பட்ட நொடியில் அந்தச் சிறகில் நீலமும் ஊதாவும் ஓடும் பாருங்கள், மயிலுக்கும் அந்த நிறம் வராது. ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, வண்டைத் துரத்தாமல், அது அடுத்து வரப்போகிற பூவில் குறிவைத்து நிற்க வேண்டும். கீழ்க் கொத்திலிருந்து மேலே போகிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்தாலே அதன் வழித்தடம் பிடிபட்டுவிடும்.

மாதுளையைச் சொல்லாமல் விட்டால் பாவம். மெழுகு பூசின செங்குடுவை ஒன்று, கெட்டித் தோல். அது வெடித்து, உள்ளேயிருந்து கசங்கிய இதழ்கள் பிதுங்கி வரும். பெட்டியில் அடைத்துவைத்த பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் வெளியே வருகிற அழகு அது. இதழின் அந்தச் சுருக்கம் கடைசி வரைக்கும் போகாது. ஒரே செடியில் இரண்டு வகைப் பூ இருப்பதைக் கவனியுங்கள். அடி குறுகி மணி வடிவில் இருப்பது காய்க்காது, உதிர்ந்துவிடும். அடி பருத்து ஜாடி வடிவில் இருப்பதுதான் பழமாகும். பூவிலேயே ஜாதகம் பார்த்துவிடலாம். படமெடுப்பதற்குத்தான் இது பொல்லாதது. இந்தச் சிவப்பைக் கேமராவால் தாங்க முடியாது, இதழின் நுணுக்கம் எல்லாம் கலங்கி ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மேகம் மூடிய காலையில், வெளிச்சம் குறைத்து எடுத்தால் மட்டும் மடிப்புகள் பிடிபடும். பங்குனியில் மேகத்துக்கு எங்கே போவது? வெள்ளை வேட்டியை இரண்டு கொடிக் கயிற்றுக்கு நடுவில் கட்டி நானே மேகம் செய்துகொள்கிறேன். பூ எடுக்கிற வேட்டியேதான், அத்தைக்குத் தெரியும்.

வெண்டை காலையில் பூத்துச் சாயங்காலம் சுருங்கும். இளமஞ்சள் பட்டுக்குள் தொண்டையில் ரத்தச் சிவப்பு. செம்பருத்திக்குச் சொந்தக்காரி என்பது பார்த்த உடனே தெரியும். எலுமிச்சையின் வெள்ளை இதழை வெயிலுக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கறிவேப்பிலைப் பூவை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பூக்கவிடாமல் ஒடித்துக்கொண்டே இருக்கிறோம் அல்லவா! ஒரு கிளையை மட்டும் கறிக்கு ஒடிக்காமல் விட்டுவையுங்கள். சித்திரையில் நுனியில் வெள்ளைக் கொத்து வரும், கூடவே ஒரு போனஸும். இலையில் பறவை எச்சம் விழுந்திருக்கிறதே என்று தட்டிவிடப் போவீர்கள். தட்டாதீர்கள்! அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு. பறவைக்குத் தப்பிக்க எச்சத்தின் வேஷம் போட்டிருக்கிறது. வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துப் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி, ஒரு நெடி விடும். அந்தக் கொம்பு நீண்டிருக்கும் ஒரு நொடியை நான் பிடித்து வைத்திருக்கிறேன். பையன் அதைத் தன் கம்ப்யூட்டர் திரையில் போட்டிருக்கிறானாம்.

பூவுக்கென்றே இருக்கிற ஒரே செடி மல்லிகை. அதுகூட எங்கள் வீட்டில் பாதி வேலைக்காரிதான். அன்றாடம் தலைக்கும் சாமிக்கும் போயாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்து நாற்று என்று சொல்லிக் கொடுத்தார்கள். மல்லி நாற்றுக்கு அந்த ஊர் பேர் போனது. கார்த்திகையில் ஈவு இரக்கம் இல்லாமல் கவாத்து செய்ய வேண்டும். மனசு கேட்காமல் விட்டால் இலைதான் மண்டும். வெட்டினால் பங்குனியில் பூத்துத் தள்ளும். மதுரைக்காரர்கள் 2013-இல் தங்கள் மல்லிக்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். வாங்கட்டும், தகும். ஆனால் சாயங்காலம் கிணற்று மேடையில் முக்காலியில் கேமராவை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒன்று என்று தானாகவே படம் எடுக்க விட்டு, மொட்டு அவிழ்வதைப் பாருங்கள். நேரில் பார்த்தால் எதுவும் நடக்காததாகத்தான் தோன்றும். படங்களை வேகமாக ஓட்டினால் இதழ்கள் முறுக்கு விட்டுச் சுழன்று திறக்கின்றன! அதைப் பார்த்த பிறகு, காம்பு கிள்ளிக் கட்டிய மொட்டு தலையில் மலரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுழற்சி நினைவு வருகிறது.

ஜெர்மனியில் காரல் பிளாஸ்ஃபெல்ட் என்று ஒரு வாத்தியார் இருந்தார். பெர்லினில் கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். தானே செய்துகொண்ட கேமராவில், சாலையோரத்துச் செடிகளையும் களைகளையும் முப்பது மடங்கு வரைக்கும் பெருக்கிப் படமெடுத்தார். 1928-இல் அவை புத்தகமாக வந்ததும் அவருக்குப் பெரும் புகழ் வந்தது. விலை உயர்ந்த பூவைத் தேடி அவர் போகவில்லை. நம் ஊரில் மா. கிருஷ்ணன் இருந்தார். எழுத்தாளர் மாதவையாவின் மகன், கானுயிர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், அவரும் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டவர். இந்த இரண்டு பேரின் பெயரையும் நான் கொல்லையில் அடிக்கடி சொல்லிக்கொள்வேன். பால் கவர் சுற்றிய கேமராவைப் பார்த்து யாராவது சிரிக்கும்போது ரொம்பவும் உதவுகிறது.

வைகாசிக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. தெருமுனைப் புளியமரம் பூக்கப்போகிறது. புளியம்பூவின் அழகு உலகத்துக்கே தெரியாத ரகசியம். மஞ்சள் இதழில் சிவப்பு நரம்பு கொடி கொடியாக ஓடும். கண்ணுக்குத் தெரிவது மூன்று இதழ்தான். மீதி இரண்டும் முள்ளளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அது கீழே விழும்போது வாடிவிடுகிறது, கிளையிலேயே எடுக்க வேண்டும். தென்னைக்கு ஏறுகிறவரிடம் ஏணிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். “பேய் இருக்குற மரம்னு ஊரே சொல்லுது, அதுல போய் ஏறப்போறியாக்கும்” என்கிறார் அத்தை. இருக்கட்டுமே அத்தை, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து அதையும் ஒன்று எடுத்துவிடலாம்.